மணற்காட்டில் மண்வெட்டி வாடகைக்கு

பருத்தித்துறையில பஸ் மாறி வாறதெண்டால்
பத்து மணிக்கு முன்னம் வந்திருக்க வேணும்.
இப்ப மணல் சுடும். பரவாயில்லை,
சவுக்கு நிழல் விட்டு நிழல் தாவலாம்.

பார்க்க என்ன இருக்கெண்டு கேட்கிறியள்.
கூரையில்லாத கோயில் இருக்கு,
அதுக்குள்ள காத்துத்தான் பூசை வைக்குது.
ஏறிச் சறுக்க மேடு இருக்கு.
தகரத் துண்டு டெலிசியாவின்ர கடையில,
பிளேன்ரீ குடிச்சால் இலவசம்.

பிறகு றெஜினோல்டின்ர சுவர்.
பழைய ஐஸ்வாடி, மேற்குப் பக்கம்.
கடலைப் பார்த்து நிற்கிற ஒரு மனுசி,
எட்டடி உயரம்,
எஞ்சின் எண்ணெயில குழைச்ச கறுப்பு.
போன சோளகத்துக்கு முழங்கால் வரை மணல்.
இந்த வருசம் இடுப்பு.
மிச்சத்தைப் பார்க்க மண்வெட்டி இருக்கு,
மணித்தியாலம் இருநூறு ரூபாய்.

நேற்று கொழும்பில இருந்து ஒரு பொடியனும் பெட்டையும்
மாறி மாறி வெட்டினவை.
சீலைக் கரை வந்தது, சிவப்பு.
இனிக் கொலுசு வருமெண்டாள் பெட்டை.
வெட்ட வெட்ட வெறும் சுண்ணாம்பு.
கால் இல்லை.

றெஜினோல்ட் சைக்கிளில இருந்து இறங்காமலே சொன்னான்:
"எனக்குக் கால் கீற வராது.
மணல் மூடுமெண்டு தெரியும், விட்டிட்டன்."

அவையள் காசைத் திருப்பிக் கேட்கேல்லை.
பெட்டை கிடங்குக்குள்ள இறங்கி மல்லாந்து படுத்து
சீலைக் கரைக்குக் கீழ, சுவரில,
தன்ர ரெண்டு பாதத்தையும் பதிச்சு வைச்சு
"எடு, கெதியா எடு" எண்டாள்.
மேல நிண்டவனுக்குச் சிரிப்பில
போன் ஆடிப்போச்சு.

கிடங்கு இன்னும் முழுசாத் தூரேல்லை.
உங்களுக்குப் பாதி வெட்டுத்தான்,
நூறு தாங்கோ.