ஆறு வாரத் தவணை

தொப்பிக்காரர்கள் வருவதற்கு முன்
கூண்டைக் கழுவுவது என் வேலை.
பிப்ரவரி இரண்டு, விடியற்காலை நாலரை,
ஹெலர் பள்ளத்தாக்கு, பென்சில்வேனியா.
கையுறை இரண்டடுக்கு. போன வருஷம்
ஒற்றை அடுக்கைக் கடித்துத் துளைத்துவிட்டது.

பெயரில் பன்றி. பார்த்தால் பருத்த அணில்.
இதைத்தான் இன்று ஊரே கேட்கப்போகிறது
குளிர் போகுமா, நிற்குமா என்று.
இதற்குத் தெரிந்ததெல்லாம் முட்டைக்கோசு.

மேடையில் சொல்லும் கதை வேறு.
எங்கள் அடுக்களையில் சொல்வது இது:

சலோமி ட்ரெக்ஸ்லரின் கொட்டில்
கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் எரிந்தது.
பசு மூன்றும் தப்பின. புல் ஒரு கட்டும் தப்பவில்லை.
கிதியோன் மோயர் தன் கதவைத் திறந்துவிட்டான்:
"குளிர் முடிகிறவரை நிற்கட்டும், தின்னட்டும்."
நல்ல மனுஷன்.
எண்ணித் தருகிற நல்ல மனுஷன்.

மெழுகுவர்த்தித் திருநாளன்று பனி இளகிக் கூரை சொட்டியது.
கிதியோன் தன் புற்போரை அண்ணாந்து பார்த்தான்,
பிறகு அண்ணாக்க வேண்டியதில்லை என்று கண்டான்.
"குளிர் போய்விட்டதே, சலோமி."

"போனதா இல்லையா என்று சொல்ல
நீ யார், நான் யார்?
ஜெர்மனியில் நம் ஆட்கள் வளைக்கரடியைக் கேட்பார்கள்.
வெளியே வந்து தன் நிழலைக் கண்டால்
இன்னும் ஆறு வாரம்."

"இங்கே ஏது வளைக்கரடி?"

இல்லைதான். கப்பலில்
விவிலியம் வந்தது, ஊறுகாய் அழுத்தும் கல் வந்தது,
அண்ணன் தம்பிச் சண்டைகூட வந்தது.
வளைக்கரடி வரவில்லை.
சலோமி வேலியோரத்துப் பொந்தைக் காட்டினாள்:
"வளையில் இருக்கிறதல்லவா? அது போதும்."

மாலைவரை காத்திருந்தார்கள்.
வானம் முழுக்கச் சாம்பல்.
ஆளுக்கு நிழலில்லை, வேலிக்கு நிழலில்லை.
அது வந்தது, மூக்கை நீட்டி, தூக்கம் கலையாமல்.
சலோமி சால்வைக்குள்ளிருந்து
ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தாள், பற்றவைத்தாள்,
அதன் முதுகுக்குப் பின்னால் பிடித்தாள்.

பனிமேல் ஒரு நிழல் விழுந்தது,
கன்றுக்குட்டி அளவுக்கு.
மெழுகு ஒரு சொட்டு ரோமத்தில் உறைய
பிராணி உள்ளே பாய்ந்தது.

கிதியோன் அவளைப் பார்த்தான்.
மெழுகுவர்த்தியைப் பார்த்தான்.
கொட்டிலுக்குள் எது யாருடையதென்று தெரியாமல்
அசைபோடும் ஒன்பது வாய்களைப் பார்த்தான்.
மூக்கைச் சிந்தினான்.
"பார்த்துவிட்டது" என்றான்.

அடுத்த வருஷம்
அவனே வந்து அவள் கதவைத் தட்டினானாம்,
கையில் மெழுகுவர்த்தியோடு.
அவளுக்குப் புதுக் கொட்டில் கட்டித் தந்தவர்களில் அவனும் ஒருவன்.
மூன்றாம் வருஷம் அக்கம்பக்கம். அப்புறம் பித்தளை வாத்தியம்,
சர்க்கரைப்பாகு ஊற்றிய தோசைகள்,
கார் நிறுத்த ஐந்து டாலர்.

உள்ளதைச் சொன்னால், இந்த நாட்களில் இது எழுவது
பக்கத்து வளையில் பெண் இருக்கிறதா என்று பார்க்க.
பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும்.
மேடையில் இதைச் சொல்ல என்னை விடமாட்டார்கள்.

சரி, வா, கிழவா. கடிக்காதே.
மலைச்சரிவில் முதல் கார் திரும்பிவிட்டது,
அதன் விளக்கு கூண்டுக்கு நேராக வருகிறது.
இன்னும் மணி ஐந்தாகவில்லை.
நீ பின்சுவரைப் பார்த்துவிடாதே.