இரண்டு கடல் காணோம்

வானொலியில் கடல் வானிலை.
ஹெப்ரிடீஸ் வரை கேட்டாள் இஷ்பெல்.
அடுத்துக் காதில் விழுந்தது ஃபேரோஸ்.
நடுவில் இரண்டு கடல் காணோம்;
கோப்பை தரையில் கிடக்கிறது.

பார்த்தது நாய் மட்டும்.
அது யாரிடமும் சொல்லாது.

உரிமத் துறையின் படிவம் கேட்கிறது:
நினைவு தப்பியதுண்டா?
ஆம். இல்லை. சின்னச் சின்னக் கட்டம்.

செவ்வாய்தோறும் அவள் ஓட்டும் நூலக வேன்,
ஒரு வண்டிக்கே இடமுள்ள மலைச்சாலை,
கிளாஷ்மோர் திருப்பத்தில் கையாட்டும்
மூன்று பிள்ளைகள்.

பேனா முதலில் ‘இல்லை’யின் மேல்தான் நின்றது,
மை ஒரு புள்ளியாய் ஊறும்வரை.

பிறகு மற்றதில் கீறினாள்.

தபால் பெட்டி நாலு மைல்.
பழக்கத்தில் சாவியை எடுத்துவிட்டவள்
வாசல்வரை போய்த் திரும்பி
ஆணியில் மாட்டினாள்.
மழைக்கோட்டு. பூட்ஸ்.

நாய் வேனருகே ஓடி நின்று,
நடந்துபோகிறவளை
ஒருதரம் குரைத்துக் கூப்பிட்டது.