உடுப்போடு நீந்துதல்

"பம்பு நிலையத்தில்தான் தண்ணீர் இறைக்கிறாய்,
வீட்டிலும் அதே வேலையா, வீட்சே?"
கேட்டுவிட்டு அவர்களே சிரிப்பார்கள்.
நானும் சிரித்து வைப்பேன்.
ஒன்பது வருடமாக அதே நகைச்சுவை.

எங்கள் பேச்சில் இந்த நோய்க்கு
நீர்த்தலை என்றே பெயர்.
மேலதிகாரிகள் பெருத்துப்போன அலுவலகத்தைத் திட்டவும்
அதே சொல்தான்.
கூட்டத்தில் யாராவது சொல்லும்போது
காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொள்வேன்.

ஃப்ரீஸ்லாந்தின் கால்வாய்கள்
கடல்மட்டத்துக்கு ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் கீழே
நிற்க வேண்டும்.
கொஞ்சம் ஏறினால் உருளைக்கிழங்குக்காரர் போன் செய்வார்,
கொஞ்சம் இறங்கினால் படகுக்காரர்.
எனக்கு அதற்கொரு திரை இருக்கிறது.
நீன்கேயின் தலைக்குத் திரை இல்லை.

ஐந்தாம் மாதம் நர்ஸ் தலையைச் சுற்றி அளந்தார்.
மறுபடி அளந்தார்.
மூன்றாம் முறை வேறு டேப் எடுத்தார்.
உச்சிக்குழி விம்மி நின்றது.
கருவிழிக்கு மேலே ஒரு கீற்று வெள்ளை:
எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுவதுபோல்
பார்வை தாழ்ந்தே கிடந்தது.
அதைத்தான் நானும் ரிக்ஸ்டும்
சாந்தமான பிள்ளை என்று
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

குரோனிங்கனில் சர்ஜன்
ஒரு குழாயை என் உள்ளங்கையில் வைத்தார்.
வெந்த சேமியா போல் இருந்தது.
காதுக்குப் பின்னே வால்வு,
கழுத்துத் தோலுக்கடியில் இறங்கி
வயிற்றில் முடியும்.
"அங்கே கூடுதலாகச் சுருட்டி வைப்போம்,
வளர வளர அவிழும்."
மகள் எட்டப்போகும் உயரம்
அன்றே அவள் வயிற்றுக்குள் சுருண்டு படுத்தது.

நான்கு முறை அடைத்திருக்கிறது.
சரியாகிவிட்டதா என்பவர்களிடம்
ஓடுகிறது என்று மட்டும் சொல்வேன்.
கதவருகே ஒரு பை எப்போதும் தயார்.
ஃபிரிட்ஜில் காந்தம் கிடையாது,
பள்ளி அட்டவணையை டேப்பால் ஒட்டியிருக்கிறோம்.
அவ்வளவு தூரத்தில் வால்வுக்கு ஒன்றும் ஆகாதென்று
டாக்டர் சொல்லிவிட்டார்.
இருந்தாலும்.

நீச்சல் தேர்வன்று காலையில்
"தலை வலிக்குது" என்றாள்.
ரிக்ஸ்ட் கையில் ரொட்டி அப்படியே நின்றது.
நான் பையைப் பார்த்தேன்.
"அப்பா, இது அந்த வலி இல்ல."
எப்படித் தெரியும்?
"அது பின்னால இருந்து வரும். இது பயம்."

மருத்துவமனைக்குப் போன் போட்டேன்.
நர்ஸ் கேட்கத் தொடங்கியதும்
நீன்கே போனை வாங்கிக்கொண்டாள்.
வாந்தி இல்லை. வெளிச்சம் கூசலை.
தூக்கமா வரலை. ஆமா, போன வருஷம் அடைச்சுது.
இல்லை, அது மாதிரி இல்லை.
பல் டாக்டரிடம் நேரம் வாங்குகிற குரல்.
போய் வரட்டும், கூடவே இருங்கள்,
வாந்தி எடுத்தால் உடனே வாருங்கள் என்றார்கள்.

ஆறு வயதுப் பிள்ளைகளின் வரிசையில்
ஒன்பது வயது, ஒரு தலை உயரமாய்.
சட்டை, கால்சட்டை, ஷூவோடு குதிக்க வேண்டும்.
கால்வாயில் விழுகிறவர் யாரும்
உடை மாற்றிக்கொண்டு விழுவதில்லையே.
நீருக்குள் ஒரு பாய்த்துணி தொங்கியது,
நடுவில் ஓட்டை.
அதன் வழியே போய் அந்தப் பக்கம் வர வேண்டும்.

போனாள்.
ஒரு மாகாணத்தின் தண்ணீரைக் கணக்கு வைக்கிறவன்
நான்கு வரை எண்ணினேன்,
பிறகு எண்கள் வரவில்லை.

அந்தப் பக்கம் தலை வந்தது.
ஈரமுடி ஒட்டிக்கொண்டதில்
காதுக்குப் பின்னே அந்தப் புடைப்பு
எல்லோருக்கும் தெரிந்தது.
அவள் எங்களுக்குக் கையசைக்கவில்லை.
கழன்ற ஒரு ஷூவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில், ஆறு மணிக்கே,
காரின் பின்சீட்டில் தூங்கிப்போனாள்.
களைப்பா?
நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்தினேன்.
தோளைத் தொட்டேன்.
இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தி.

"என்ன?"
"ஒண்ணுமில்ல."
"அப்ப எதுக்கு எழுப்புற?"

ஷூக்கள் காலடி விரிப்பில்
சொட்டிக்கொண்டிருந்தன.
இண்டிகேட்டரைப் போட்டுக் காத்திருந்தேன்,
ஒரு லாரி போகட்டும் என்று.