இருபத்து நான்கின் வடக்கு எல்லை

அரசாணையில் என் வார்டு இப்படித் தொடங்குகிறது:
வடக்கே, சாக்கடையின் மையக்கோடு.
கிழக்கே, முனிரெட்டி காலிமனையின் வேலி.
வேலி போய் ஆறு வருஷம். மனையில்
மூன்று மாடி எழும்பிவிட்டது.
அரசாணை மட்டும் இன்னும்
வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நான் வரி கேட்டுப் போகிறவள்.
தோளில் ரசீது மெஷின், தண்ணீர் பாட்டில்,
ஒசூரின் காலைக்கு ஒரு ஸ்வெட்டர்,
பத்து மணிக்கு மேல் அதை இடுப்பில் கட்டிக்கொள்வேன்.

மாடியில் ஒரு கொரியா இன்ஜினியர்.
பெயர் பே.
தெருப் பிள்ளைகள் கடைசியில்
ஒரு 'ய்' சேர்த்துக் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.
வரி வீட்டுக்காரர் பாடு.
ஆனாலும் நோட்டீஸை இரண்டு கையாலும் வாங்கினார்.
அதன் முதுகில் பேனாவால் தன் ஊரை வரைந்தார்.
பெரிய வட்டத்துக்குள் ஒரு துண்டு: கூ.
கூவுக்குள் நெல்லிக்காய் மாதிரி
சின்னச் சின்னதாய்: தோங்.
அவருடைய தோங்கைப் பக்கத்துத் தோங்கோடு
சேர்த்துவிட்டார்களாம். ஒரே ஆபீஸ், புதுப் பலகை.
அவர் மனைவி டாக்ஸியில் ஏறினால்
பழைய பெயரைத்தான் சொல்கிறாளாம்.
டாக்ஸி சரியாகப் போய்விடுகிறதாம்.

இங்கேயும் எண்ணைச் சொல்லி யாரும் வீடு தேடுவதில்லை.
மாரம்மா குடி பக்கம்.
ஒடிசாப் பசங்க லைன் வீடு.
பஞ்சர் கடை இருந்த இடம். கடை இல்லை, இடம் இருக்கிறது.

அடுத்த கதவு சரசம்மா.
அடுப்பங்கரை இருபத்து மூன்று,
குளியலறை இருபத்து நான்கு.
"மாதி ஏ வார்டும்மா?" என்கிறாள் தெலுங்கில்.
பிறகு எனக்காகத் தமிழில்,
"சோறாக்க ஒரு கவுன்சிலர், குளிக்க ஒரு கவுன்சிலர்,
தண்ணி லாரி வந்தா மட்டும்
ரெண்டு பேருக்கும் நான் பக்கத்து வார்டு."

கோடு இழுத்தது நான்தான்.
அப்போது ஆபீசில் தற்காலிகம்,
திரையில் வானத்திலிருந்து எடுத்த கூரைகள்,
இடது கையில் தயிர்சாத டப்பா.
சாக்கடை ஓரிடத்தில் வளைகிறது.
மவுஸ் வளையவில்லை.
அவ்வளவுதான்.
இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

சரசம்மா பணத்தை எண்ணிக் கொடுத்தாள், பாக்கியில்லாமல்.
மெஷினில் வார்டுக்கு ஒரே கட்டம்.
எதில் போடட்டும், என்றேன்.
உள்ளே பால் பொங்கும் வாசனை வந்தது.
எழுந்து ஓடியவள்
அங்கிருந்தே கத்தினாள்,
"இதுல போடு!"