டியூப்லைட் வேலி

செவ்வாய்ப்பேட்டையில் பன்னிரண்டு டியூப்லைட் வாங்கியபோது
"கல்யாண வீடா?" என்றார் கடைக்காரர்.
ஆராய்ச்சி என்றேன். பத்து ரூபாய் குறைத்தார்.

பிளாஸ்மாவுக்கு வெற்றிட அறை வேண்டும்,
ஆர்கான் உருளை வேண்டும், பெங்களூர் வேண்டும்.
எங்களிடம் இருந்தது ஒரு கால் ஆடும் மேசை,
பழைய இரும்புச் சோக்குகள், பூங்காவனம் அண்ணன்.
இரண்டு சாண் அகலத்துக்குள் நெருக்கி
அவர் கட்டி நிறுத்தினார் வேலியை.
குழலுக்குள்ளே
அணுவை விட்டுப் பிரிந்த எலக்ட்ரான்கள்
யாருக்கும் சொந்தமில்லாத அவசரத்தில்.

இந்தப் பக்கம் என் ஆன்டெனா.
முப்பத்தெட்டுக்கு இருபத்தொன்பது மில்லிமீட்டர் செப்பு ஏடு,
ஒரு கொலுசுத் திருகின் எடைகூட இல்லை.
நடுவில் அது ஊமை.
விளிம்பில்தான் பேசும்:
ஏட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் சந்தில்
புலம் வெளியே வழிந்து வளைகிற இடத்தில்.

விளக்கைப் போட்டதும்
திரையில் நின்ற சிகரம் சரிந்தது.
எதிரே ஹார்ன் செவிடானது.
ஏட்டைத் தொண்ணூறு பாகை திருப்பினேன்,
கொஞ்சம் வந்தது,
வேலிச் சந்தில் உடம்பை ஒருக்களித்து
நுழையும் வெள்ளாடு மாதிரி.

மிச்சம் எங்கே?
பெரும்பங்கு திரும்பி வந்தது, அளந்துவிட்டேன்.
இன்னொரு பங்கு
எலக்ட்ரான் கூட்டத்தை நெருக்கியும் தளர்த்தியும்
ஒலியைப் போல நடக்குமாம், கண்ணாடிச் சுவர் வரைக்கும்.
அதற்கப்பால் அதற்கு வழியில்லை,
அதைக் கேட்கும் காது என்னிடம் இல்லை.
ரெஜினா மேடம் அந்தப் பத்திக்கு
"இழப்பு" என்று தலைப்பிடச் சொன்னார்.
இட்டேன். பென்சிலால்.

மூன்றாம் நாள் மாலை பார்த்தேன்:
தப்பி வந்த அந்தச் சொற்பமும் நடுங்குகிறது,
நொடிக்கு நூறு தடவை.
மேட்டூர் மின்சாரம் மூச்சு மாற்றும் ஒவ்வொரு முறையும்
வேலி சற்றே இளகி, மறுபடி இறுகுகிறது.
இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே
சேர்வராயன் மேல் ஒரு மின்னல்.
அஸ்தம்பட்டி வரைக்கும் கரண்ட் போனது.

குழல்கள் செத்தன.
யு.பி.எஸ். கருவிகளை மட்டும் தாங்கிப் பிடிக்க
இருட்டில், திரையில்,
எழுந்து நின்றது சிகரம்,
முழு உயரத்துக்கு, ஒரு நடுக்கமும் இல்லாமல்.

அண்ணன் டார்ச்சைத் தடவி எடுத்தார்.
"இருக்கட்டும்ண்ணே" என்றேன்.
"ஏம்மா, இதுவும் தடுக்குமா?"

தடுக்காது என்றேன்.
ஆனாலும் அவர் போடவில்லை.