குறுக்கீடு பதினேழு

கட்டபெட்டு வளைவுக்குக் கீழே
பச்சை இலை எடை போடும் அறையில்
ஈரம் ஏறாமலிருக்கக் குண்டு பல்பு ஒன்றைப்
பகலிலும் பக்கத்தில் எரியவிட்டு
வைத்திருக்கிறோம் அந்தக் கணினியை.

நேற்று சாயங்காலம் வரிசையாக ஏழு பேருக்கு
ஒரே எடை:
பதினாலு கிலோ இருநூறு.
கூடக் கிடைத்தவர்கள் சீட்டை மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள்.
மாசியம்மா மட்டும் போகவில்லை.
"என் மூட்டை என் முதுகுக்குத் தெரியும்."
கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார் போஜன்.

சொல்லாதுதான்.
கேட்டால் உண்மையைச் சொல்லும்.
கேட்க ஆள் வேண்டும்.

இரவு பத்து மணி. உலர்த்தி ஓடும் அதிர்வு
நாற்காலிக் கால் வழியாக ஏறுகிறது.
கறுப்புத் திரையில் கர்னல் எழுதிவைத்ததைப்
பின்னோக்கி உருட்டினேன்.
நாலு ஐம்பத்திரண்டு:
குறுக்கீடு பதினேழு, யாரும் கண்டுகொள்ளவில்லை.
அடுத்த வரி:
குறுக்கீடு பதினேழு நிறுத்தப்படுகிறது.

தராசின் அட்டைக்கும் நெட்வொர்க் அட்டைக்கும்
ஒரே மணிக்கயிறு.
யார் இழுத்தது என்றால்
நானில்லை என்கிறது இது,
நானுமில்லை என்கிறது அது.
லட்சம் தடவை கேட்டுப் பார்த்துவிட்டு
மணியையே கழற்றி வைத்துவிட்டது கர்னல்.
அப்புறம் தராசில் எது ஏறினாலும்
திரையில் நின்றது
கடைசியாக வந்த பெள்ளியின் மூட்டை.

டிரைவரை இறக்கினேன், ஏற்றினேன்.
துவக்க வரியில் ஒரு சொல் சேர்த்தேன்;
கணினி எருமை மாதிரி நகர்ந்தது.
சேர்த்ததை அழித்தேன்.
கடைசியில் ஸ்க்ரூடிரைவர்.
உள்ளே தேயிலைத் தூள், செத்த விட்டில் ஒன்று,
செம்புப் பல்வரிசையில் பூத்திருந்த பச்சை.
பென்சில் ரப்பரால் தேய்த்து
நெட்வொர்க் அட்டையை மூன்றாவது பொந்துக்கு மாற்றினேன்.
இதற்குப் பதினேழு. அதற்குப் பத்தொன்பது.

சோதிக்க இலை இல்லை, நான் இருந்தேன்.
ஏறினேன்: ஐம்பத்தாறு.
இறங்கினேன்: சுழி.
அந்தச் சுழியைப் பார்த்துக்கொண்டே
ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த ஆறிய தேநீரைக் குடித்தேன்.

காலையில் மாசியம்மா வந்தபோது
நேற்றைய இலை அரைபட்டுத் தூளாகியிருந்தது.
எடையை எந்தப் பதிவிலும் தேட முடியாது.
எவ்வளவு இருக்கும் என்றேன்.
"பத்தொன்பது. குறைந்தால் அரை."
பத்தொன்பது என்று திருத்தினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
குறுக்கீடு என்று தட்டினேன்.
படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார் போஜன்.

மற்ற ஐந்து பேர்
எதுவும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.