எஃப் பதினொன்று

முதலில் எஃப் பதின்மூன்றில் இருந்தேன்.
வலைக்கம்பிகள் தெரியும் அப்போது,
கொடி பிடிப்பவரின் தொப்பி கொஞ்சம் சிவப்பாகத் தெரியும்.
வட்டெறிதலில் பெனிலாவை மூன்று தடவை ஜெயித்தேன்.
நாலு தடவை அவள் என்னை.
கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்த வெள்ளிப் பதக்கத்தை
மேஜை முழுக்கத் தடவித் தேடிய இரவில்
பன்னிரண்டு ஆரம்பித்தது.

ஒவ்வொரு முறையும் ஒரு டாக்டர்,
இருட்டு அறை, எழுத்துப் பலகை, டார்ச்.
"எது தெரியுதோ அதைச் சொல்லும்மா."
சொல்ல இருந்தது வரி வரியாகக் குறைந்தது.

வகுப்பு மாறினால் பழைய தூரங்கள் கூட வராது.
முப்பத்தோரு மீட்டர் எறிந்தவள் அந்தப் பட்டியலிலேயே
நின்றுவிட்டாள்.
அவள் பெயரும் சகாய ரெஜிலாதான்.
அவளை முறியடிக்க எனக்கு அனுமதி இல்லை.

பதினொன்றில் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள்.
ஓரமெல்லாம் பஞ்சு வைத்து, விரலால் அழுத்தி,
வெளிச்சம் கசிகிறதா என்று சோதிக்கிறார்கள்.
முதல் தடவை சிரித்துவிட்டேன்.
கசிய இனி என்ன இருக்கு, சார்?
அவர் சிரிக்கவில்லை.
விதி எண் என்னவோ சொன்னார்.

ஆரல்வாய்மொழிப் பள்ளி மைதானம். ஆடி மாதம்.
இங்கே குடை விரிப்பவர் வெளியூர்க்காரர்.
கணவாய்க்குள்ளிருந்து வரும் காற்றுக்கு எதிரே விட்டால்
வட்டு அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்,
இறங்க மனசில்லாமல்.
மதிலுக்கு அப்பால் ஒற்றைக் காற்றாலை.
அதன் ஹூம் ஹூம் நேராக முகத்தில் விழும்வரை
பாதத்தை நகர்த்துவேன்.
பிறகு ஒன்றரைச் சுற்று.

எதிரே நின்று கைதட்டுவது பெனிலா.
முழங்கால் போய், எறிவதை விட்டுவிட்டு,
தோவாளைச் சந்தையில் பூ நிறுக்கிறாள்.
அவளுக்கு இன்னும் பாதி வெளிச்சம் மிச்சம்.
தட்டும்போது பிச்சிப்பூ வாசம் அடிக்கும்;
வாசம் விலகினால் ஓடிவிட்டாள் என்று அர்த்தம்.
"மண்டையில போட்டுராதே மக்கா,
ஏழாவது ஆட்டம் நீ ஜெயிச்சதா ஆயிரும்."

போன மாதம் வெளியூர்ப் போட்டி.
சுற்றிலும் உயர்ந்த படிக்கட்டு, பொட்டுக் காற்றில்லை.
ஒன்று வலையில். ஒன்று கோட்டைத் தாண்டி.
மூன்றாவது கல் மாதிரி விழுந்தது.
இருபத்து நான்கு சொச்சம், வெண்கலம்.
ரயிலில் யாரோ கேட்டார்கள்,
குருடிக்கு எதுக்கம்மா இதெல்லாம்.
நான் வடை தின்றுகொண்டிருந்தேன்.

எறிந்த தூரத்தை நடந்து பார்ப்பது என் வழக்கம்.
டேப் அவர்களுடையது. காலடி என்னுடையது.
அந்தப் பழைய முப்பத்தொன்று, என் நடையில்
நாற்பத்து நான்கு.

நேற்று சாயங்காலம் விட்டது விழுந்த சத்தமே கேட்கவில்லை.
காற்று தின்றுவிட்டது.
பெனிலாவும் பேசவில்லை.
நடந்தேன்.
நாற்பது. நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு.
குனிந்து துழாவினேன்: நெருஞ்சி, ஆட்டுப் புழுக்கை.
இன்னும் இரண்டு வைத்தேன். இன்னொன்று.
கால்விரலில் இடித்தது, விளிம்பு சுடச்சுட.

"லிஸ்ட்ல வராது பிள்ளே," என்றாள் பின்னாலிருந்து,
குரல் ஒரு மாதிரி.
தெரியும்.
"அவகிட்ட சொல்லட்டா?"

சொல்லாண்டாம் என்றேன்.
ஆறு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.
இன்னொரு தடவை தட்டச் சொன்னேன்.